எல்லாவற்றையும் கடவுளிடம் விட்டுவிட்டால் உள்ளே பலம் வருமா?

"சரணடைந்தால் உள்ளே வெளிச்சமும் பலமும் வரும் என்கிறார்கள். ஆறு மாதமாக முயல்கிறேன், ஒன்றும் வரவில்லையே" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆறு மாதம் என்று எண்ணி வைத்திருக்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே உங்களை எனக்குத் தெரிந்துவிட்டது. வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, இல்லையென்றால் ஏதோ ஒரு முடிவுக்காகக் காத்திருக்கிறீர்கள். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். நானும் எண்ணுகிற ஆள்தான். தொழிலே கணக்கு எழுதுவது.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நான் பெரிய பக்திமான் இல்லை. மருந்தை நிறுத்திவிட்டுச் சாமி கும்பிடுங்கள் என்று சொல்லப் போவதும் இல்லை. சண்டைக்கு வருகிறவர்கள் முழுக்கப் படித்துவிட்டு வாருங்கள்.

என் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கத்தில் அடைப்பு. வலது கையும் காலும் போயின, கூடவே பேச்சும் போனது. நாம் சொல்வது ஓரளவு புரியும். பதில் சொல்ல வாயெடுத்தால் வார்த்தை மாறிவிடும். தண்ணீர் வேண்டுமென்றால் 'சாவி' என்பாள். தப்பு என்று அவளுக்கே தெரிந்து, இடது கையால் தலையில் அடித்துக்கொள்வாள்.

வீட்டுக்குக் கூட்டி வந்த அன்றைக்கே ஒரு நோட்டு போட்டேன். படுக்கைப் புண் வராமலிருக்க ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அதற்கு ஒரு கட்டம். பிரஷர், மாத்திரை, குடித்த தண்ணீர், போன சிறுநீர், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். கடைசிக் கட்டத்துக்கு 'முன்னேற்றம்' என்று தலைப்பு. அதில் தினமும் வெறும் கோடுதான் விழுந்தது. கோடு விழ விழ மற்ற கட்டங்களில் கெடுபிடியைக் கூட்டினேன். பிஸியோதெரபி செய்ய வந்தவரிடம் சண்டை, மனைவியிடம் சண்டை. ராத்திரி பிரார்த்தனையும் உண்டு, அதுவும் பேரம்தான். நான் இவ்வளவு செய்கிறேன், நீ அந்தக் கடைசிக் கட்டத்தில் எதையாவது நிரப்பு. கேட்டால் "கடவுளிடம் ஒப்படைத்துவிட்டேன்" என்பேன். ஒப்படைத்துவிட்டு வாசலிலேயே நின்று, ஆச்சா ஆச்சா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சரணாகதிக்கு வைணவத்தில் ரெண்டு உவமை சொல்வார்கள். குரங்குக் குட்டி தானே தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை மரபு. பூனைக் குட்டி சும்மா இருந்தால் போதும், தாய் கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை மரபு. நான் ரெண்டிலும் சேர்த்தியில்லை. தாயையே தூக்கிக்கொண்டு தாவுவதாக நினைத்துக்கொண்ட குரங்குக் குட்டி நான்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன். பேச்சு போனால் காதும் போய்விட்டது என்று யார் சொன்னது? பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அம்மாவின் முகத்துக்கு நேராகக் கத்தினார்கள். ஒருவர் அவள் தலைமாட்டில் நின்றுகொண்டு, "இப்படிக் கிடப்பதற்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்" என்றார். அப்புறம் "எல்லாம் அவன் செயல்" என்று எழுந்து போய்விட்டார். என் தம்பி வேறு, தினமும் போனில் யோசனை சொல்வான். யோசனை மட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒரு ராத்திரி ரெண்டு மணி. புரட்டும்போது என் முதுகு பிடித்துக்கொண்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். கட்டிலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"தன் கடன் அடியேனையும் தாங்குதல்."

ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். சின்ன வயதில் எங்களுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுத்தபோது ஒரு வரியை அவள் சொல்வாள், அடுத்ததை நாங்கள் சொல்ல வேண்டும். சொன்னேன். "என் கடன் பணி செய்து கிடப்பதே."

அதிசயம் என்று நான் சொல்லவில்லை. பேச்சு போனவர்களுக்கும் மனப்பாடமான வரிகளும் பாட்டும் பல சமயம் வரும், யோசித்துப் பேசுவதும் பழகியதை ஒப்பிப்பதும் மூளையில் ஒரே வழியில் நடப்பதில்லை என்று மறுநாள் டாக்டர் விளக்கினார். அந்த விளக்கத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. என்னை உலுக்கியது வேறு. அப்பரின் அந்த ரெண்டாவது வரியைச் சொல்லாத ஆள் இல்லை, நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். முதல் வரியைச் சொல்கிறவர்கள் குறைவு. தாங்குவது அவன் கடன் என்று தெளிவாக அங்கே பிரித்து எழுதியிருக்கிறது. நான் அவன் கணக்கையும் என் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அது எப்படி நேராகும்?

சும்மா இருந்துவிடச் சொல்கிறேன் என்று அர்த்தமில்லை. அந்த வரியைப் பாடியவர் 7-ஆம் நூற்றாண்டில் கையில் உழவாரத்தோடு கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர். சூலை என்கிற கொடிய வயிற்றுவலியில் துடித்துத்தான் அவரும் சிவனிடம் வந்தார் என்பது வரலாறு. அவருக்கு நோய் தீர்ந்தது. என் அம்மாவுக்கு முழுக்கத் தீரவில்லை, அதையும் சொல்லத்தானே வேண்டும்.

நோட்டை நான் விடவில்லை. கடைசிக் கட்டத்தை மட்டும் அடித்துவிட்டேன். அடுத்த ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்தபோது உடம்பு அதே அசதிதான், கோபம் மட்டும் இல்லை. பலம் என்று எனக்கு வந்தது அவ்வளவுதான். வெளிச்சம் என்று கேட்டீர்களே, ஜோதி எதுவும் தெரியவில்லை. நோட்டிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். இத்தனை நாளும் அவள் தன்னை நினைத்துப் பயப்படவில்லை, என்னைப் பார்த்துத்தான் பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பலம் நிலையாக நிற்கும் என்றும் நம்பாதீர்கள். வாரத்துக்கு ரெண்டு தடவையாவது அந்தக் கட்டத்தை மறுபடி மனசுக்குள் போடுகிறேன், மறுபடி அடிக்கிறேன்.

இப்போது அம்மாவுக்குச் சில வார்த்தைகள் திரும்பியிருக்கின்றன. பெயர்களில் முதலில் வந்தது தம்பியின் பெயர். என்னையும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். கூப்பிட்டால் போகிறேன்.