வீடு மாறும் முன் குதிரைச் சவாரிப் பாதைகளை எப்படி விசாரிப்பது?

குதிரையோடு புது ஊருக்குக் குடிபோகிறீர்கள், அங்கே சவாரிக்குப் பாதை இருக்கிறதா என்று முன்பே எப்படி அறிவது எனக் கேட்டிருக்கிறீர்கள். வீட்டைப் பேசி முடிக்கும் முன் இதை யோசித்தது மிக நல்லது.

முதலில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தைப் பாருங்கள். அதில் குதிரைப் பாதைகளுக்குத் தனிக் குறியீடே உண்டு. தன்னார்வலர்கள் வரைவது என்பதால் விடுபட்டவையும் இருக்கும். செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பாதையைவிட முக்கியம், லாயத்திலிருந்து அது தொடங்கும் இடம்வரை உள்ள சாலை. குதிரை நடையில் மணிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர்தான் போகும். 2 கிலோமீட்டர் நெடுஞ்சாலை என்றால் 20 நிமிடம் லாரிகளுக்கு நடுவே. எவ்வளவு அழகான காட்டுப் பாதைக்காகவும் நான் குதிரையை அப்படி இறக்க மாட்டேன்.

வரைபடத்தில் கோடு இருந்தால் அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை. நிலம் தனியாருடையதா, குதிரைக்குத் தடை உண்டா என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

பிறகு நேரில் நடந்து பாருங்கள்: வார நாள் காலையில் ஒருமுறை, நல்ல மழைக்குப் பின் ஒருமுறை. களிமண் தரை சறுக்கும். கூர்ஜல்லி குளம்பைப் பதம் பார்க்கும். வழியில் உள்ள கதவுகளைச் சேணத்தில் இருந்தபடியே திறக்க முடியுமா? சிறு பாலங்கள் குதிரையின் எடையைத் தாங்குமா? போன வழியே திரும்பாமல் சுற்றி வர வழியிருந்தால் இன்னும் நல்லது. வீட்டுப் பக்கம் திரும்பியதும் பல குதிரைகள் வேகமெடுக்கும்.

பக்கத்தில் லாயம் வைத்திருப்பவர்களிடம், “எந்த மாதங்களில் எந்தப் பாதையைத் தவிர்ப்பீர்கள்?” என்று கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத தகவல் அதில் கிடைக்கும்.