நிழல் கண்ணாடிக்கு வெளியே விழட்டும்: மோட்டார்ஹோம் வெயில் கேள்வி பதில்

மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில், பயணம் செய்பவர்களும் அதிலேயே குடியிருப்பவர்களும் வெயில்காலத்தை முன்னிட்டு அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எல்லாச் சன்னல்களுக்கும் கெட்டியான திரை போட்டிருக்கிறேன். இருந்தும் மதியத்துக்கு மேல் வண்டிக்குள் உட்கார முடியவில்லை. வேறு துணி வாங்கிப் பார்க்கலாமா?

துணியில் குறை இல்லை, அது தொங்கும் இடத்தில்தான் குறை. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதான் உங்கள் திரை அதை மறிக்கிறது. வெயிலை வாங்கிய துணி சூடாகிறது, அந்தச் சூடு அறைக்குள்தான் இறங்கும். கண்ணாடி வெயிலைத் தாராளமாக உள்ளே விடும். ஆனால் சூடேறிய துணியும் இருக்கையும் உமிழும் நீண்ட அலை அகச்சிவப்புக் கதிர்களை அது வெளியே விடாது.

வெயில் நேராக அடிக்கும் நேரத்தில் திரையின் மேல் விளிம்புக்குச் சற்று மேலே உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். கண்ணாடிக்கும் துணிக்கும் நடுவிலிருந்து அனல் எழுந்து கூரைப் பக்கம் போவது தெரியும். கீழ் விளிம்பு வழியாக அறையின் காற்று உள்ளே இழுபட்டுச் சூடாகி மேலே வருகிறது. பகல் முழுவதும் இந்தச் சுற்று ஓய்வதில்லை.

அதே துணியைக் கண்ணாடிக்கு வெளியே தொங்கவிட்டால், அது எவ்வளவு சூடானாலும் காற்று அந்தச் சூட்டை வெளியிலேயே அடித்துக்கொண்டு போய்விடும். கையில் இருக்கும் பணத்தை முதலில் வெளிநிழலுக்குச் செலவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: பக்கச் சன்னல்கள் ஐந்தாறு இருக்கும்போது, எல்லோரும் முன்கண்ணாடியைப் பற்றியே பேசுவது ஏன்?

கணக்குப் போட்டால் காரணம் புரியும். மேகமில்லாத நடுப்பகலில், வெயிலுக்கு நேர்முகமாக உள்ள ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழுகிறது. பெரிய வண்டியின் முன்கண்ணாடி 2 சதுர மீட்டர் அளவுக்குக்கூட இருக்கும். வெயில் சாய்ந்து படுவதில் கொஞ்சம் போகும், கண்ணாடி திருப்பி அனுப்புவதில் கொஞ்சம் போகும். அப்படிக் கழித்த பிறகும் வெயிலை எதிர்நோக்கி நிற்கும் அந்தக் கண்ணாடி வழியே 1000 வாட்டுக்கு மேல் உள்ளே வரலாம். கோடையில் மின்சார ஹீட்டரைப் போட்டுவிட்டு அதன் எதிரே உட்கார்ந்திருப்பதற்குச் சமம் இது.

கூரையில் பொருத்தும் 13,500 பிடியூ (ஒரு மணி நேரத்தில் அகற்றும் வெப்பத்தின் அளவு) ஏசியின் குளிர்விக்கும் திறன் சுமார் 4 கிலோவாட். அதில் கால் பங்குக்கு மேல் இந்த ஒரு கண்ணாடியே விழுங்கிவிடும். போதாததற்கு, கண்ணாடிக்கு அடியில் கறுப்பு டேஷ்போர்டு வேறு. மாலையில் கைவைத்துப் பாருங்கள், வெயில் இறங்கிய பிறகும் அது சுடும்.

கேள்வி: முன்கண்ணாடிக்கு வெளியே போட வலைத்திரையும் கிடைக்கிறது, பல அடுக்கு வெப்பத்தடுப்பு உறையும் கிடைக்கிறது. எதை வாங்குவது?

பகலில் வண்டிக்குள் இருப்பவர் என்றால், தயங்காமல் வலைத்திரை. பிவிசி பூசிய பாலியஸ்டர் இழையில் நெருக்கமாக நெய்த வலை வெயிலின் பெரும்பகுதியை வெளியிலேயே நிறுத்திவிடும். உள்ளேயிருந்து வெளியே பார்க்கலாம், வெளிச்சமும் ஓரளவு வரும். கறுப்பு வலை வெயிலை இழுக்குமே என்று அஞ்ச வேண்டாம். அது வெளியில் இருப்பதால் சூடு காற்றோடு போய்விடும், கண்ணுக்கும் கறுப்பு வலை வழியாகத்தான் காட்சி தெளிவாகத் தெரியும். ஒரு எச்சரிக்கை: இரவில் உள்ளே விளக்குப் போட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். வெளியே நிற்பவர்களுக்கு நீங்கள் நன்றாகத் தெரிவீர்கள். அதனால் உள்திரையைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள்.

பல அடுக்கு உறை வெயிலை முழுவதும் மறைக்கும், குளிர்கால இரவுகளிலும் பயன்படும். ஆனால் பகலில் முன்பக்கம் இருட்டறையாகிவிடும். வண்டியைப் பூட்டிவிட்டு நாள் முழுவதும் வெளியே சுற்றுபவர்களுக்கு அது பொருத்தம்.

எதை வாங்கினாலும் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். நல்ல உறையில் பக்கத்துக்கு ஒரு மடிப்பு இருக்கும். முன்கதவைத் திறந்து, அந்த மடிப்பை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால் உறை விறைப்பாக நிற்கும், காற்றுக்குப் பறக்காது, வெளியிலிருந்து யாரும் உருவிக்கொண்டு போகவும் முடியாது. துடைப்பான் கைகளையும் பின்பக்கம் பார்க்கும் பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் சுற்றிக் கயிற்றால் கட்டும் உறைகள் ஒரு பலத்த காற்றுக்குத் தாங்குவதில்லை.

கேள்வி: வெள்ளி நிற அலுமினியக் குமிழ்த்தாளை உள்ளே வைத்திருக்கிறேன். அதனால் பயனே இல்லையா?

உண்டு. வெளிநிழலுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். பளபளப்பான பக்கம் கண்ணாடியைப் பார்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் வெயிலின் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிப் போகும். நடுவில் சிறிது காற்றிடைவெளியும் தேவை. கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால் சூடு நேராகவே தாளுக்கு ஏறிவிடும்.

பெரும்பாலோர் கோட்டைவிடுவது விளிம்பில். சன்னலின் உட்சட்டத்தில் ஒரு செய்தித்தாளை வைத்து, விரல் நகத்தால் ஓரம் முழுவதும் அழுத்தித் தடம் எடுங்கள். அந்தத் தடத்தை அலுமினியத் தாளில் பதித்து, சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். அப்படி வெட்டினால் தாள் சட்டத்துக்குள் இறுகித் தானாகவே நிற்கும், ஓரத்தில் அனல் கசிய வழி இருக்காது.

கேள்வி: பக்கச் சன்னல்கள் அக்ரிலிக் (கண்ணாடி போலத் தெரியும் பிளாஸ்டிக்). அவற்றில் கறுப்பு பிலிம் ஒட்டலாமா?

வேண்டாம். பிலிம் வெயிலை உறிஞ்சி அக்ரிலிக்கை வழக்கத்தைவிடச் சூடாக்கும். கண்ணாடியைவிடப் பல மடங்கு விரிந்து சுருங்கும் பொருள் அது. பிலிமும் அதுவும் ஒன்றாக விரிவதில்லை என்பதால் குமிழ் கிளம்பும், சன்னல் நெளியக்கூடும், பசையால் மயிரிழை போன்ற வெடிப்புகளும் வரலாம். இதே காரணத்தால், கடும் வெயிலில் உள்ளே இருக்கும் மடிப்புத் திரையைச் சன்னலோடு இறுக மூடி வைக்காதீர்கள். மேலும் கீழும் விரலளவு இடைவெளி விட்டால் அனல் வெளியேறும். போன பதிலில் சொன்ன அலுமினியத் தாளும் உண்மையான கண்ணாடிக்குத்தான். அக்ரிலிக்குக்கு வெளிநிழலே சரி. ஸ்பிரிட் கலந்த துடைப்புத் திரவங்களையும் அதன் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கேள்வி: வெளியே நிழல்வலை கட்ட ஆசைதான். வண்டியின் உடலில் காந்தம் ஒட்டவில்லை, ரப்பர் உறிஞ்சிகள் வெயிலில் விழுந்துவிடுகின்றன. என்ன செய்வது?

உங்கள் வண்டியின் உடல் கண்ணாடியிழையாகவோ அலுமினியமாகவோ இருக்கும். காந்தம் பிடிக்க இரும்பு வேண்டும், அது முன்கதவுகளில்தான் இருக்கும். உறிஞ்சிகளை நம்பாதீர்கள், சூட்டில் ரப்பர் இளகிப் பிடி போய்விடும்.

வண்டியின் பக்கத்தில் விரிக்கும் துணிப் பந்தலை மாட்டுவதற்காகப் பக்கவாட்டின் மேல்பகுதியில் பள்ளமான ஒரு தடம் ஓடுகிறதா என்று பாருங்கள். வலையின் மேல் விளிம்பில் கயிறு வைத்துத் தைத்து அந்தத் தடத்தில் நுழைத்துவிடலாம். கீழ் முனைகளைச் சுவரோடு ஒட்டிக் கட்டாமல், சற்றுத் தள்ளித் தரையில் முளையடித்துச் சாய்வாக இழுத்துக் கட்டுங்கள். வெளிப்பக்கம் திறக்கும் சன்னலை அப்போதும் திறக்கலாம், வலைக்கும் சுவருக்கும் நடுவே காற்றும் ஓடும், சுவருக்கும் நிழல் கிடைக்கும். தடம் இல்லையென்றால் சன்னல் சட்டத்தில் அழுத்துப் பொத்தான்கள் பொருத்தலாம். ஆனால் உடலில் துளை போடுவதற்கு முன் நீர் கசியாதபடி அடைக்கத் தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: மடிப்புப் பந்தலை விரித்தால் போதாதா?

நடுப்பகலுக்குப் போதும். மாலைச் சூரியன் தாழ்ந்ததும் வெயில் பந்தலுக்கு அடியில் புகுந்து சன்னலில் நேராக அடிக்கும். பந்தலின் முன்கம்பியிலிருந்து ஒரு வலையைத் தொங்கவிடுங்கள். வண்டியை விட்டு வெளியே போகும்போது பந்தலைச் சுருட்டிவிட வேண்டும், காற்று சொல்லிவிட்டு வருவதில்லை.

கேள்வி: வண்டியை எந்தத் திசை பார்த்து நிறுத்துவது நல்லது?

பூமியின் வடபாதியில் முன்கண்ணாடி வடக்கு நோக்கியும், தென்பாதியில் தெற்கு நோக்கியும் இருக்கட்டும். மேற்குப் பக்கம்தான் மிகவும் தொல்லை, ஏனென்றால் காற்று ஏற்கெனவே சூடாகியிருக்கும் நேரத்தில் அங்கே வெயில் விழுகிறது. சன்னல் குறைவான பக்கத்தை மேற்குக்குக் கொடுங்கள். குளிர்ப்பெட்டியின் வெளித்துவாரங்கள் உள்ள பக்கத்தையும் மேற்கில் வைக்காதீர்கள், அது திணறும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய உச்சியில் நிற்பதால், அங்கே கூரைச் சன்னல்களையே முதலில் கவனிக்க வேண்டும்.

கேள்வி: அந்தக் கூரைச் சன்னல்களை எப்படி மறைப்பது?

அதற்கும் வெளியிலிருந்துதான். வெளிர்நிற உறையை மேலே போட்டுக் கட்டலாம். ஆனால் எரிவாயு அடுப்புள்ள வண்டியில் எப்போதும் திறந்திருக்க வேண்டிய காற்றுத் துவாரங்கள் உண்டு, அவற்றை எந்தக் காரணத்துக்காகவும் அடைக்கக் கூடாது. கூரையில் மின்விசிறி இருந்தால் காற்றை வெளியே தள்ளும்படி ஓடவிட்டு, நிழல் பக்கத்தில் ஒரு சன்னலை மட்டும் திறந்து வையுங்கள்.

கேள்வி: எல்லா நிழலும் போட்டாயிற்று. நாயை ஒரு மணி நேரம் உள்ளே விட்டுப் போகலாமா?

கூடாது. குழந்தையையும் கூடாது. நிழல் சூடேறுவதைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. மூடிய வண்டிக்குள் வெப்பம் முதல் அரை மணி நேரத்திலேயே பெருமளவு ஏறிவிடும். சன்னலைச் சிறிது திறந்து வைப்பதால் பெரிய மாற்றம் வராது.

கேள்வி: உறைகளை இரவிலும் அப்படியே விட்டுவிடலாமா?

கோடையில் வேண்டாம். வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடக் குளிர்ந்ததும் உறைகளை விலக்கி, எல்லாச் சன்னல்களையும் திறந்துவிடுங்கள். பகலில் சுவரும் மெத்தையும் டேஷ்போர்டும் வாங்கி வைத்த சூடு வெளியேற வேண்டும். காலையில் வெயில் கண்ணாடியைத் தொடும் முன்பே மீண்டும் மாட்டிவிடுங்கள், பத்து மணிக்கு மாட்டினால் பாதிச் சூடு உள்ளே வந்திருக்கும். அன்று கிளம்புவதாக இருந்தால் முன்கண்ணாடி உறையையும் முன்கதவுகளின் வலைகளையும் கழற்றி மடித்து வைத்த பிறகே சாவியைத் திருப்புங்கள்.