வாசகர் கேள்வி – பதில்: வடிவமைப்புக் கல்வி

கேள்வி: என் மகள் நன்றாக ஓவியம் வரைவாள். அரசுப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்பும் பயன்பாட்டுக் கலையும் படிக்க விரும்புகிறாள். இது ஓவியப் படிப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது? அரசு நிறுவனத்தில் சேர்க்கலாமா?

பதில்: ஓவியர் தம் மனத்தில் எழுவதை வரையலாம். வடிவமைப்பாளரோ பிறர் கையில் பிடிக்கப்போகும் கோப்பையையும், பிறர் பதற்றத்துடன் படிக்கப்போகும் மருந்து உறையையும் உருவாக்குகிறார். ஓவியத் திறமை நல்ல தொடக்கமே; ஆனால் ஒரு பாத்திரத்தின் கைப்பிடி ஏன் சுடுகிறது, ஒரு படிவத்தை நிரப்புவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று கேட்கும் இயல்பு அவளிடம் உண்டா என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

அரசு நிறுவனம் என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை. இக்கல்வி வேரூன்றியதே பெருமளவு பொதுப் பணத்தில்தான். பிரெஞ்சுப் பொருள்களின் அழகுக்குத் தன் நாட்டுத் தொழிற்சாலைப் பொருள்கள் ஈடுகொடுக்கவில்லை என்று கவலைப்பட்ட பிரிட்டன் அரசு, 1837இல் லண்டனில் ஒரு வடிவமைப்புப் பள்ளியைத் தொடங்கியது. 1919இல் ஜெர்மனியின் வைமார் நகரில் கட்டடக் கலைஞர் வால்டர் குரோப்பியஸ் தொடங்கிய பாவ்ஹவுஸும் அரசுப் பள்ளியே. அங்கு சேர்ந்தவர்கள் ஆறு மாத அடிப்படைப் பயிற்சிக்குப் பிறகே நெசவு, உலோகம், மரவேலை போன்ற பட்டறைகளுக்குச் சென்றார்கள். பட்டறையில் ஒரு கலைஞரும் ஒரு கைவினைஞரும் சேர்ந்து கற்பித்தார்கள்.

அந்த அடிப்படைப் பயிற்சியை நடத்திய யோசப் ஆல்பர்ஸ், மாணவர்களிடம் செய்தித்தாள்களைக் கொடுத்து, இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றாக இவற்றை ஆக்குங்கள் என்றார். பலரும் கோட்டை, விமானம் என்று செய்து வைத்தார்கள். ஒருவர் மட்டும் தாளை நெடுக்காக மடித்து, மடிப்புத் தட்டிபோல் நிமிர்ந்து நிற்கச் செய்திருந்தார். துவளும் தாளுக்கு மடிப்பே வலிமை தருகிறது என்பதைக் கண்டறிந்த அந்த எளிய வேலையையே ஆல்பர்ஸ் பாராட்டினார். உங்கள் மகளுக்குக் கிடைக்க வேண்டியது இத்தகைய பயிற்சியே.

ஒரு பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பொதுப் பணம் ஆட்சியாளர்களின் மனநிலையைப் பொறுத்தது. மாநில அரசு மாறி நிதியைக் குறைத்தபோது பாவ்ஹவுஸ் 1925இல் வைமாரை விட்டு டெஸ்ஸாவுக்கு இடம்பெயர நேர்ந்தது. ஆகவே சேரும் முன் நேரில் சென்று பட்டறைகளைப் பாருங்கள். இயந்திரங்கள் ஓடுகின்றனவா, அவற்றை இயக்கக் கற்பிப்பவர் உண்டா, வகுப்பு நேரத்துக்குப் பின்னும் மாணவர்களை அனுமதிக்கிறார்களா, மூலப்பொருள் செலவு யாருடையது என்று அங்கு படிப்பவர்களிடமே விசாரியுங்கள். கட்டணம் குறைவாக இருந்தாலும் தாள், மரம், அச்சு ஆகியவற்றுக்கு மாணவரே செலவிட நேரலாம். பொறியியல், உளவியல் போன்ற துறைகளும் அதே வளாகத்தில் இருந்தால் அது பெரும் பேறு. நாற்காலி வடிவமைப்பவருக்கு உடலின் இயக்கம் அறிந்தவரின் துணை வேண்டும் அல்லவா?

கேள்வி: சேர்க்கைக்கான படைப்புத் தொகுப்பில் எவற்றை வைப்பது?

பதில்: முடிந்த படங்களை மட்டும் அடுக்காதீர்கள். ஒரு சிக்கலை எடுத்துக்கொண்டு வரைந்த முதல் கிறுக்கல்கள், அட்டையில் செய்து பார்த்துச் சரிவராத மாதிரி, அதை ஏன் மாற்றினீர்கள் என்ற இரண்டு வரி ஆகியவற்றையும் வரிசையாக வையுங்கள்.