கடைசி வரியில் எழுதிய இரத்தம்

குடல்வளரியில் (அப்பெண்டிக்ஸ்) புற்றுநோயோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். அதை விடுங்கள் தம்பி. 31 வயதில் வலது அடிவயிற்றில் இடைக்கிடை வரும் குத்தும் வயிற்று ஊதலும் பெரும்பாலும் வாய்வும் மலச்சிக்கலும்தான். குடல்வளரிப் புற்றுநோய் மிக அரிது. அப்பெண்டிசைட்டிஸ் என்று வெட்டியெடுத்த துண்டை ஆய்வுகூடத்தில் பார்க்கும்போதுதான் அநேகமாக அது தெரியவரும். இரவிரவாக இணையத்தில் தேடினால் அகப்படாது. வெள்ளவத்தையில் நீங்களாகப் போய்ச் செய்த சி.ஈ.ஏ. என்ற புற்றுக் குறியீட்டு இரத்தச் சோதனை நல்லபடி வந்ததென்று மகிழவும் வேண்டாம். ஆரம்பப் புற்றுக்கட்டியில் பலருக்கு அது நல்லபடிதான் வரும்.

நான் நின்றது உங்கள் கடைசி வரியில். நாலு மாதமாக மலத்தோடு இரத்தம். மூலம்தானே என்று பார்மசியில் வாங்கிய களிம்பு. படியேறினால் மூச்சு வாங்குகிறதென்று இரும்புச்சத்து மாத்திரை. யாரைக் கேட்டு?

மூலத்து இரத்தம் பளிச்சென்ற சிவப்பு. மலம் போன பிறகு சொட்டும். மலத்தில் கலந்து, சளியோடு வருவதை மூலத்தின் கணக்கில் எழுதாதீர்கள். மூலம் உண்மையாகவே இருந்தாலும் அதற்கு மேலே குடலில் புற்றுக்கட்டி இருக்கலாம். இளவயதுக் கட்டிகள் அதிகமும் மலக்குடலிலும் இடப்பக்கப் பெருங்குடலிலும்தான். சில, கையுறை போட்ட விரலுக்கே எட்டும்.

ஆணுக்கு இரும்பு குறைந்தால், எங்கே கசிகிறதென்று முதலில் தேட வேண்டும். மாத்திரை அந்தத் தடயத்தை அழிக்கும், மலத்தையும் கறுப்பாக்கும். அதை நிறுத்திவிட்டு இந்த வாரமே எஃப்.பி.சி. என்ற இரத்த அணுக்கணக்கும், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் 13க்குக் கீழே, ஃபெரிட்டின் 30க்குக் கீழே என்றால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். இரண்டும் சரியாக இருந்தாலும் பெருங்குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்யத்தான் வேண்டும். தேசிய வைத்தியசாலை ஓ.பி.டி.யில் ‘மூலம்’ என்று சொல்லாமல் ‘நாலு மாதமாக இரத்தம்’ என்று சொல்லுங்கள்.

‘பெருங்குடல் புற்றுநோய் 50க்குப் பிறகு வருகிற வருத்தமல்லவா’ என்பார்கள். அமெரிக்காவில் அறிகுறியே இல்லாதவர்களுக்கான சோதனை வயதையே 2021இல் 45ஆக்கிவிட்டார்கள். இரத்தம் போகிறவருக்கு வயதெல்லை கிடையாது.

இரும்பு மாத்திரையைக் கொலனோஸ்கோபிக்கு 7 நாள் முன்னரேனும் நிறுத்தாவிட்டால் கறுப்பு மலம் குடற்சுவரில் ஒட்டிப் பார்வையை மறைக்கும். கடைசி இரண்டு மூன்று நாள் குரக்கன், கீரை, கொய்யா வேண்டாம். குடலைச் சுத்தமாக்கத் தரும் பேதி மருந்தைப் பாதியில் விடாதீர்கள். கடைசியாகப் போவது சிறுநீர்போல் மஞ்சளாய்த் தெளிந்திருக்க வேண்டும். பால் விடாத பிளேன்டீ நிறமென்றால் உள்ளே போகுமுன் தாதியிடம் சொல்லுங்கள்.

காலமான பெரியப்பாவுக்குக் ‘குடலில் ஏதோ’ என்றீர்களே, என்ன வருத்தம், எத்தனை வயதில் என்று அப்பாவிடம் கேட்டு அதையும் எழுதிக்கொண்டு போங்கள்.