வெள்ளத்தில் நின்ற காருக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா?

கேள்வி: சிலாங்கூர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம், சாயங்கால மழையில் செம்பனைக்கு நடுவே போகும் சாலை மூழ்கி, என் மைவி கார் தண்ணீரில் நின்றுவிட்டது. ஃபர்ஸ்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் இருக்கிறது, கிளைம் கிடைக்கும்தானே? டவ் லோரிக்காரர், மரத்தில் மோதியதாக போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கச் சொல்கிறார். வீட்டுக்காரரின் சாகா காருக்கும் வெள்ளக் காப்பு எடுக்கலாமா?

பதில்: முதலில், அந்தக் காரை ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், ஒரு தடவைகூட. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. இஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் கம்பி வளைந்து, இஞ்சினையே மாற்ற வேண்டிவரும். பழுது பார்க்காமல் ஓட்டிக் கூடுகிற சேதம் உங்கள் தலையில்தான் என்று பாலிசியே சொல்கிறது. தண்ணீர் ஏறிய தடம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள்.

சரி, இன்சூரன்ஸ். ஃபர்ஸ்ட் பார்ட்டி நம் காரின் சேதத்துக்கும் பணம் தரும், ஆனால் அதில் வெள்ளம் தானாகச் சேராது. 'ஸ்பெஷல் பெரில்ஸ்' (வெள்ளம் போன்ற இயற்கைப் பேரிடர்களுக்கான காப்பு) என்று தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும். இன்சூரன்ஸ் தாளான கவர் நோட்டில் இந்தக் காப்புக்குரிய 57 என்ற எண்ணைத் தேடுங்கள். இருந்தால் கிளைம் உண்டு. இல்லையென்றால் செலவு உங்களுடையது.

பழைய கட்டணப்படி இதற்குக் காப்புத் தொகையில் 0.5 விழுக்காடு. 30,000 வெள்ளி காருக்கு ஆண்டுக்கு 150 வெள்ளி. 2017-இல் கட்டணத்தை நிறுவனங்களே வைக்கலாம் என்று ஆனபின் அதைவிடக் குறைவாகவும் கிடைக்கிறது. ஆனால் ரோட்டெக்ஸும் (சாலை வரி) இன்சூரன்ஸும் புதுப்பிக்கும் கடையில் "ஃபர்ஸ்ட் பார்ட்டியா, தெர்ட் பார்ட்டியா?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா மூழ்கியபோதுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது. இத்தனைக்குப் பிறகும் வெள்ளக் காப்பு வேண்டுமா என்று ஒரு வரி கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டாமா?

மரத்தில் மோதியதாக ரிப்போர்ட் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது பொய்ப் புகார், தண்டனைச் சட்டம் 182-ஆம் பிரிவின்படி குற்றம். மதிப்பீட்டாளர் சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பார்ப்பார், கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்ப்பார், சேறு அங்கே இருக்கும். மாட்டுவது கையெழுத்துப் போட்ட நீங்கள்தான், டவ் லோரிக்காரர் அல்ல. எழுதாத படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப் போட்டுவிட்டு, கார் எந்தப் பட்டறையில் நிற்கிறது என்றே தெரியாமல் அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கவர் நோட்டில் இருக்கும் எண்ணில் நிறுவனத்தை நீங்களே கூப்பிட்டு, காரை எங்கே கொண்டுபோவது என்று கேளுங்கள். 7 நாளுக்குள் தெரிவித்தாக வேண்டும்.

சாகாவுக்கு இருப்பது தெர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமான காப்பு) என்றால் வெள்ளக் காப்பைச் சேர்க்க முடியாது. ஃபர்ஸ்ட் பார்ட்டி என்றால், ஆண்டு நடுவிலும் பெரும்பாலும் சேர்க்கலாம், மீதி மாதங்களுக்கு மட்டும் பணம். ஆனால் சேர்த்த தேதிக்குப் பிறகு வரும் வெள்ளத்துக்குத்தான் அது உதவும். நேற்றைய தண்ணீருக்கு இன்று எடுக்க முடியாது. பணம் கட்டியதும் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஏஜெண்டு வாட்ஸ்அப்பில் 'ஓகே' போட்டால் அது காப்பு ஆகாது. 57 அச்சான புதுத் தாள் கைக்கு வர வேண்டும், அதில் தொடங்கும் தேதியையும் பார்க்க வேண்டும்.

மேற்குக் கரையில் காலையில் வெயில், சாயங்காலம் இடிமழை என்கிற இந்தப் பருவம் நவம்பர் வரை போகும். தோட்டச் சாலையோ தோட்ட நிர்வாகத்தின் சொத்து, வாய்க்காலைத் தூர்வார நகராண்மைக் கழகம் வராது. அதனால் சாகாவுக்கு இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.