உலகைச் சுற்ற ஒரே டிக்கெட்டா, தனித்தனியாகவா?

ஐந்தாறு நாடுகளை ஒரே திசையில் சுற்றி, கிளம்பிய நாட்டுக்கே திரும்புவதாக இருந்தால் விமான நிறுவனக் கூட்டணிகளின் உலகச்சுற்று டிக்கெட்டை முதலில் பாருங்கள். ஒன்வேர்ல்ட் கூட்டணியின் உலகச்சுற்று டிக்கெட்டான ஒன்வேர்ல்ட் எக்ஸ்புளோரரில் கட்டணம் நீங்கள் தொடும் கண்டங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. அதிகபட்சம் 16 பிரிவுகள் (ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கான ஒவ்வொரு பயணமும் ஒரு பிரிவு), ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும்.

பலர் சறுக்குவது பிரிவுக் கணக்கில்தான். ஓர் ஊரில் இறங்கி, ரயிலில் போய், வேறு ஊரில் விமானம் ஏறினால் அந்தத் தரைவழியும் ஒரு பிரிவு. இன்னொன்று: சொல்லாமல் ஒரு விமானத்தை விட்டுவிட்டால் மீதி டிக்கெட்டும் ரத்தாகலாம். தேதி மாற்றுவது எளிது. ஊரை மாற்றினால் டிக்கெட்டை மறுபடி எழுத வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம்.

நாட்கள் உறுதியில்லையா? தனித்தனியாகவே எடுங்கள். ஆனால் முதல் விமானம் தாமதமானால் அடுத்த நிறுவனம் பொறுப்பேற்காது. முக்கிய இணைப்புகளுக்கு நடுவே ஓர் இரவு விடுங்கள்.