வேலை தேடும்போது யாரிடம், என்ன கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டு ஆண்டுகள் அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தேன். ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. தெரிந்தவர்கள் 60 பேருக்கு ‘ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க’ என்று ரெஸ்யூமேயுடன் வாட்ஸ்அப் அனுப்பினேன். ‘கண்டிப்பா பார்க்கலாம்’ என்றார்கள். இரண்டு மாதம் ஆகிறது, ஒன்றும் நகரவில்லை. யாருக்கும் உதவ மனமில்லையா?

பதில்: அப்படி நினைத்து மனம் நோகாதீர்கள். மனம் இருக்கிறது, என்ன செய்வதென்றுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. எந்த வேலை, எந்த மட்டம், யாரிடம் பேசுவது என்று எல்லாவற்றையும் அவர்களே யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ‘பார்க்கலாம்’ என்பதோடு நின்றுவிடுகிறது. இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லக்கூடிய ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இப்படி:

“வணக்கம் சார். பழைய அலுவலகத்தில் ஆண்டு இறுதி ஆடிட் சமயத்தில் சேர்ந்து வேலை பார்த்தோம். வெண்டார் பில்கள் என் பொறுப்பில் இருந்தன. இரண்டு மாதம் முன்பு ஆட்குறைப்பில் என் வேலை போய்விட்டது. ஏற்றுமதி நிறுவனங்களில் டீம் லீட் பொறுப்புக்கு முயல்கிறேன். நீங்கள் அந்தத் துறையில் இருப்பதால் ஒரு சந்தேகம்: எஸ்ஏபி மென்பொருள் அனுபவம் இல்லாதவர்களை அங்கே எடுக்கிறார்களா? அடுத்த வாரம் 15 நிமிடம் போனில் பேச முடியுமா? நேரம் இல்லையென்றாலும் பரவாயில்லை.”

எப்படிப் பழக்கம், என்ன தேடுகிறீர்கள், ஒரே கேள்வி, மறுக்க ஒரு வழி – இந்த நான்கும் போதும். ரெஸ்யூமேயை இணைக்காதீர்கள். இணைத்தால் அவர் அதை அப்படியே எச்ஆருக்குத் தள்ளிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார், உங்களோடு பேசமாட்டார். அவரே கேட்கும்போது அனுப்புங்கள்.

போனில் பேசும்போது, ‘கடைசியாக உங்கள் டீமில் சேர்ந்தவர் அதற்கு முன் என்ன வேலையில் இருந்தார்?’ என்று கேளுங்கள். விளம்பரத்தில் போடும் தகுதிப் பட்டியலைவிட உண்மையில் யாரை எடுக்கிறார்கள் என்பது இதில் தெரிந்துவிடும். நடுவில் ‘உங்க கம்பெனியில ஏதாவது இருக்கா?’ என்று தாவினால் எதிரில் இருப்பவர் அளந்து பேச ஆரம்பித்துவிடுவார். 14-வது நிமிடத்தில் நீங்களே முடியுங்கள். ‘இன்னும் யாரிடம் பேசினால் நல்லது, உங்கள் பெயரைச் சொல்லலாமா?’ என்பது கடைசிக் கேள்வி. அன்று மாலையே இரண்டு வரியில் நன்றி எழுதுங்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்து, மூன்று வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று தெரிவியுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது இதைத்தான். அவர் மனதில் உங்கள் பெயர் நிற்பதும் இதனால்தான்.

யாருக்கு எழுதுவது? நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அநேகமாக உங்களுக்கும் தெரிந்திருக்கும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-ல் வெளியிட்ட கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரின் கணக்கு இருக்கிறது. வாரம் இரண்டு முறையாவது சந்திக்கும் ஒருவரால் வேலை கிடைத்தது 16.7 சதவீதம் பேருக்கு மட்டுமே. எப்போதாவது பார்ப்பவரால் 55.6, ஆண்டுக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்ப்பவரால் 27.8 சதவீதம். சிறிய ஆய்வுதான். ஆனால் லிங்க்ட்இனில் சுமார் 2 கோடிப் பேரை வைத்துச் செய்து 2022-ல் வெளியான பெரிய ஆய்வும், ஓரளவு மட்டுமே பழக்கமுள்ளவர்கள்தான் அதிகம் உதவுகிறார்கள் என்றது. எனவே பழைய சக ஊழியர்கள், ஆடிட்டர்கள், வெண்டார் தரப்பில் உங்களோடு பேசியவர்கள், பயிற்சி வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்று பட்டியல் போடுங்கள். வாரத்துக்கு ஐந்து பேர், ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் செய்தி. பதில் இல்லையா, ஒரு வாரம் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். அதோடு விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஒரு நிறுவனத்தின் தளத்தில் விண்ணப்பித்த பிறகு, அங்கே இருக்கும் நண்பரிடம் ரெஃபரல் (ஊழியர் தரும் பரிந்துரை) கேட்டேன். ‘இனி முடியாது’ என்கிறார். ஏன்?

பதில்: வரிசை மாறிவிட்டது. உங்கள் மின்னஞ்சலோ போன் எண்ணோ ஏற்கெனவே பதிவாகியிருந்தால், பல நிறுவனங்களின் மென்பொருள் பிறகு வரும் ரெஃபரலை ஏற்பதில்லை. முதலில் நண்பர், பிறகு விண்ணப்பம். பணிக்கான எண், பிடிஎஃப் ரெஸ்யூமே, ‘இவரை ஏன் பரிந்துரைக்கிறீர்கள்’ என்ற கட்டத்தில் அவர் ஒட்டிக்கொள்ள மூன்று வரி என எல்லாவற்றையும் நீங்களே தயாராகக் கொடுங்கள். இரண்டு நாளில் பதில் வராவிட்டால் நேரடியாக விண்ணப்பித்துவிடுங்கள். காத்திருந்து கடைசித் தேதியைத் தவறவிடக் கூடாது. இந்த முறையும் எல்லாம் போய்விடவில்லை. ஆள் எடுக்கும் மேலாளருக்கு உங்கள் விண்ணப்ப எண்ணைச் சொல்லி ஒரு வரி எழுத முடியுமா என்று நண்பரிடம் கேளுங்கள். ஒருபோதும் சேர்ந்து வேலை பார்க்காத ஒருவரிடம் முதல் செய்தியிலேயே ரெஃபரல் கேட்காதீர்கள். ‘இவரை எப்படித் தெரியும்?’ என்று படிவம் கேட்டால் அவர் என்ன எழுதுவார்?

கேள்வி: இப்போது வேலையில் இருக்கிறேன். மேலாளருக்குத் தெரியாமல் தேட முடியுமா?

பதில்: லிங்க்ட்இனில் வேலை தேடுவதை ரெக்ரூட்டர்களுக்கு மட்டும் காட்டும் வசதி உண்டு. உங்கள் நிறுவனத்தின் ரெக்ரூட்டர்களிடமிருந்து அதை மறைக்க லிங்க்ட்இன் முயலும். ஆனால் முழு உத்தரவாதம் இல்லை என்று லிங்க்ட்இனே சொல்கிறது. ஆகவே நேரடிச் செய்திதான் பாதுகாப்பு. அலுவலக மெயிலும் லேப்டாப்பும் வேண்டாம். ‘இது நமக்குள் இருக்கட்டும்’ என்று ஒவ்வொருவரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாததை யாரும் ரகசியமாக எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: குழந்தைக்காக வேலையை விட்டு ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பழைய மேலாளருக்கு இத்தனை நாள் ஒரு வார்த்தை எழுதவில்லை. இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது.

பதில்: எழுதுங்கள் அம்மா. ‘ரொம்ப நாளாகத் தொடர்பில் இல்லை, நலமா மேடம்?’ என்று ஒரே வரி போதும்; மன்னிப்புப் பத்தி வேண்டாம். அவரிடம் கற்ற ஒரு விஷயத்தைக் குறிப்பிடுங்கள். பிறகு, ‘இந்த ஆறு ஆண்டில் நம் வேலையில் எது மாறியிருக்கிறது, நான் முதலில் எதைக் கற்க வேண்டும்?’ என்று கேளுங்கள். உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்தவர் அவர். நீங்கள் மறந்துவிட்ட உங்கள் திறமைகூட அவருக்கு நினைவிருக்கலாம்.